கிணற்றுத் தண்ணீருக்கு எந்த பேசின் தாங்கும்? மூன்றைப் பாவித்த அனுபவம்

எங்கள் வீடு கிளிநொச்சிப் பக்கம். 2013இல் வீட்டுத்திட்டக் காசு ஐந்தரை இலட்சத்தோடு கையிலிருந்ததையும் போட்டுக் கட்டினோம். சுவரும் கூரையும் எழும்பினால் போதும் என்றிருந்த நேரத்தில் பாத்ரூம் பேசினைப் பற்றி யார் யோசித்தது? கடையில் மலிவாக, மினுக்கமாக எது இருந்ததோ அதை வாங்கி வந்தோம். அதன் பிறகு இரண்டு தரம் மாற்றியாயிற்று. புதுவீடு கட்டுகிற சொந்தக்காரர்கள் அடிக்கடி கேட்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் தண்ணீரைச் சொல்ல வேண்டும். வன்னியில் பல கிணறுகளில் தண்ணீர் கடினம். எங்கள் கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும், வெள்ளைப் பொருக்காகப் படிந்திருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்பு, சொட்டு காயும்போது திரும்பக் கல்லாகிவிடுகிறது. பைப் சொட்டுகிற இடத்தில் ஒரு வாரத்தில் ஒரு வெள்ளை வட்டம், ஒரு மாதத்தில் நகத்தால் சுரண்டினாலும் வராத தடிப்பு. சவர்க்காரம் அதை அசைக்காது. புளிப்பு எதாவது வேண்டும், தேசிக்காயோ வினாகிரியோ. ஆகவே இங்கே பேசின் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, வாராவாரம் புளிப்புப் பட்டாலும் அந்தப் பொருள் தாங்குமா என்பதைத்தான். உடையுமா, உடையாதா என்பது அதற்குப் பிறகு.

இது தெரியாமல்தான் முதல் பேசினைக் கெடுத்தேன். அது கல்தூளையும் பிசினையும் கலந்து வார்த்தது. பார்வைக்கு மாபிள் மாதிரி இருக்கும், மேலே மெல்லிய பளபளப்புப் பூச்சு மட்டும்தான். வெள்ளை வட்டத்தை எடுக்கத் தும்பும் பவுடரும் போட்டுத் தேய்க்கத் தேய்க்கப் பூச்சு தேய்ந்தது. பூச்சுப் போன இடத்தில் அழுக்கு இன்னும் இறுக்கமாகப் பிடித்தது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அதற்குள்ளேயே சுடுதண்ணீர் ஊற்றுவோம். தண்ணீர் போகிற துவாரத்தைச் சுற்றித் தலைமயிர் போலக் கீறல்கள் விழுந்தன. நாலாம் வருடம் மேசன் வந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இனி இது துலங்காது அக்கா, மேல் பூச்சுப் போயிட்டுது” என்றார்.

2017இல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டோம். விழுந்தாலும் உடையாது, பாரமில்லை, தேசிக்காய்ப் புளிக்கும் ஒன்றும் ஆகவில்லை. நல்லதைத்தான் வாங்கியிருக்கிறோம் என்று நினைத்தேன். 2018 மார்கழி வெள்ளத்தில் கிணற்றுக்குள் வெள்ளத் தண்ணீர் போய்விட்டது. இறைத்துவிட்டுக் குளோரின் போட்டோம். மிஞ்சிய குளோரின் தூளைக் கரைத்து, கிருமி போகட்டும் என்று பேசினில் ஊற்றி இரவு முழுக்க விட்டேன். சில நாளில் ஊசி குத்தினது போலச் சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டுக் காவி. தேய்த்தால் போகும், திரும்ப அதே இடத்தில் வரும். குளோரினும் உப்பும் ஸ்டீலின் பாதுகாப்புப் படலத்தைத் துளைத்துவிடும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். ஸ்டீல்தான் வேண்டும் என்பவர்கள் 304 என்று முத்திரை உள்ளதை வாங்குங்கள், அதில் குரோமியம் ஏறக்குறைய 18 வீதமும் நிக்கல் 8 வீதமும் இருக்கும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று கடையில் செய்து காட்டுவார்கள். நிக்கல் குறைந்த 202 வகையிலும் காந்தம் அநேகமாக ஒட்டாது, அதனால் அந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

இயற்கை மாபிள் பற்றியும் ஒரு வார்த்தை. சித்தி வீட்டில் ஆசையாகப் போட்டார்கள். மாபிளும் சுண்ணாம்புதான். படிவை எடுக்கத் தேசிக்காய் தேய்த்த அன்றே, படிவோடு கல்லின் மினுக்கமும் போய்விட்டது. எங்கள் தண்ணீருக்கு அது சரிவராது.

2020இலிருந்து இருப்பது வெள்ளைப் பீங்கான் பேசின். இதுதான் நின்றுபிடிக்கிறது. ஏறக்குறைய 1200 பாகை வெப்பத்தில் சுட்டெடுப்பதால் மேலே இருப்பது கண்ணாடிப் படலம். தேசிக்காயோ வினாகிரியோ அதை ஒன்றும் செய்வதில்லை. வாங்கும்போது பானை வாங்குகிற மாதிரியே வாங்கினேன். விரல் மொளியால் தட்டினேன். கணீரென்றால் சரி, சத்தம் அடைத்தால் எங்கோ வெடிப்பு. அப்புறம் கவிழ்த்து, மினுக்கம் பூசாத அடிப்பக்கத்தில் ஈர விரலை வைத்தேன். ஈரம் அப்படியே நின்றது. மலிவான மண்பாண்ட வகையில் சட்டென்று உறிஞ்சிவிடும். நன்றாக வெந்த பீங்கான் தன் எடையில் அரை வீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது.

பீங்கானின் பலவீனம் பாரமும் உடைவும். எங்கள் சுவர் சீமெந்துக் கல். அம்மா எழும்பும்போது இரண்டு கையையும் பேசினில் ஊன்றித்தான் எழும்புவார். முதல் வருடமே ஆணி ஆடத் தொடங்கியது. மேசன் அந்தக் கற்களை உடைத்து, கொங்கிரீட் நிரப்பி, போல்ட்டைப் புதைத்து, கீழே பீங்கான் காலும் வைத்தார். காலுக்குப் பணம் கூடத்தான், ஆனால் வயதானவர்கள் உள்ள வீட்டில் அதை விட்டுவிடாதீர்கள்.

துப்புரவுக்கு, பழைய சாறத் துணியை வினாகிரியில் நனைத்து, வட்டம் விழுகிற இடத்தில் அரைமணி நேரம் போர்த்தி வைப்பேன். பிறகு கையாலேயே வழிக்கலாம். அடுப்புச் சாம்பலும் மணலும் வேண்டாம், மணல் பீங்கானின் மினுக்கத்தையும் கீறும். போத்தலில் விற்கிற அசிட் பேசினை ஒன்றும் செய்யாவிட்டாலும் பைப்பின் குரோம் பூச்சையும் டைல்ஸ் இடுக்குச் சீமெந்தையும் தின்றுவிடும். வினாகிரி போடுகிற நாளில் குளோரின் பக்கமே போகாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் நச்சுவாயு வரும்.

பைப் சொட்டினால் உடனே வாஷரை மாற்றிவிடுகிறேன். போன கோடையில் மாற்றப் பஞ்சிப்பட்டு இரண்டு மாதம் விட்டதில் விழுந்த வட்டத்தை எடுக்க மூன்று தரம் துணி போர்த்த வேண்டியிருந்தது. வட்டம் போய்விட்டது, அடியில் மினுக்கம் அப்படியே இருக்கிறது.