டிஸ்னி வேர்ல்டுக்கு ஸ்ட்ரோலர்: வீட்டிலிருந்து கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா?

ஃபுளோரிடா மாநிலம் ஆர்லாண்டோவுக்கு அருகில், மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் ஆகிய கேளிக்கைப் பூங்காக்களைக் கொண்ட வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு இதுவரை மூன்று முறை குடும்பத்தோடு சென்று வந்திருக்கிறோம். குழந்தைகளை உட்காரவைத்துத் தள்ளிச் செல்லும் வண்டியான ஸ்ட்ரோலரை மூன்று முறையும் மூன்று விதமாக ஏற்பாடு செய்தோம். 2019 டிசம்பரில், மகளுக்கு இரண்டரை வயது இருந்தபோது, பூங்காவிலேயே வாடகைக்கு எடுத்தோம். 2022 ஜூனில், மகளுக்கு ஐந்து வயதும் மகனுக்கு ஒரு வயதும் ஆகியிருந்தபோது, வெளி நிறுவனம் ஒன்றிடமிருந்து இரட்டை இருக்கை வண்டியை வாரக் கணக்கில் எடுத்தோம். 2024 நவம்பரில், மதுரையிலிருந்து வந்திருந்த மாமியாரையும் அழைத்துக்கொண்டு சென்றபோது, டாலஸிலிருந்து எங்கள் சொந்த வண்டியை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனோம். இம்மூன்றில் எது சிறந்தது என்று நண்பர்கள் அடிக்கடி கேட்பதால் என் மதிப்பீட்டை விரிவாக எழுதுகிறேன்.

பெரும்பாலோர் பூங்காவுக்குள் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்பதை வைத்தே இதை முடிவு செய்கிறார்கள். அந்தக் கவலை நியாயமானதுதான். எப்காட் பூங்காவில் பதினொரு நாடுகளின் அரங்குகளைக் கொண்ட ஏரிக்கரையை ஒருமுறை சுற்றி வருவதற்கே ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் ஆகிறது, எங்கள் கைப்பேசி ஒரே நாளில் இருபதாயிரம் அடிகளுக்கு மேல் கணக்குக் காட்டிய நாட்களும் உண்டு. ஆனால் உள்ளே நடப்பதற்கு எந்த வண்டியானாலும் போதும். முடிவைத் தீர்மானிக்க வேண்டியது பூங்கா வாசலுக்கும் நீங்கள் தங்கியிருக்கும் அறைக்கும் இடையிலுள்ள தூரம். அதிலும் குறிப்பாக, இரவு வாணவேடிக்கை முடிந்து குழந்தை உறங்கிவிட்ட பிறகு அந்தத் தூரத்தை எப்படிக் கடப்பீர்கள் என்பது.

முதலில் பூங்காவின் வாடகை வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். நாங்கள் எடுத்தபோது ஒற்றை இருக்கைக்கு ஒரு நாளுக்கு 15 டாலர், இரட்டை இருக்கைக்கு 31 டாலர். பல நாட்களுக்கு முன்கூட்டியே சேர்த்துச் செலுத்தினால் நாளொன்றுக்கு முறையே 13 டாலரும் 27 டாலரும் ஆனது. வண்டி வார்ப்பு பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் உறுதியையும், சக்கரங்கள் இழுபறியின்றி உருளும் விதத்தையும் மனமாரப் பாராட்டுகிறேன். கூட்டத்துக்கு நடுவே ஒரு கையால் தள்ளிக்கொண்டு போக முடிந்தது. ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால், அதே நாளில் வேறொரு பூங்காவுக்குப் போகும்போது அங்கே மறுபடி பணம் கட்டாமல் இன்னொரு வண்டி பெறலாம். சவாரிக்குப் போய்த் திரும்பும்போது வண்டியைக் காணவில்லை என்றாலும் ரசீதைக் காட்டி மாற்று வண்டி வாங்கிக்கொள்ளலாம். விமான நிலையத்தில் எதையும் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை என்பது இந்த வழியின் பெரிய நிம்மதி.

அதன் எல்லைகளையும் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். இருக்கையின் முதுகுப்பகுதி சாயாது. ஆகவே தானாக உட்காரத் தெரியாத கைக்குழந்தைக்கு இது பொருந்தாது. பகலில் இரண்டு மணி நேரம் உறங்கும் பழக்கமுள்ள குழந்தைக்கும் அவ்வளவாக ஏற்றதன்று. பூங்கா வாசலைத் தாண்டி இந்த வண்டியை வெளியே கொண்டுபோகவும் கூடாது. இந்த விதி எவருக்கும் மறைக்கப்பட்டதன்று, நாங்களும் அதைப் படித்துவிட்டுத்தான் சென்றிருந்தோம். ஆனால் இரவு பத்து மணிக்கு அதன் பொருள் என்னவாக இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

மேஜிக் கிங்டத்தின் வாகன நிறுத்துமிடம் பூங்கா வாசலை ஒட்டி இல்லை. நடுவே ஒரு ஏரி இருப்பதால், காரை நிறுத்திய பிறகு படகிலோ ஒற்றைத் தண்டவாள ரயிலான மோனோரயிலிலோ ஏறித்தான் வாசலை அடைய வேண்டும், திரும்பும்போதும் அப்படியே. அந்த இரவு வாணவேடிக்கை முடியும் முன்பே மகள் உறங்கிவிட்டாள். வாசலில் வண்டியை ஒப்படைப்பதற்காக அவளைத் தூக்கியபோது ஒரு காலணி நழுவி விழுந்தது; என் கணவர் குனிந்து அதை எடுப்பதற்குள் பின்னால் வந்த கூட்டம் எங்களை முன்னே நகர்த்திவிட்டது. பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தை உறக்கத்தில் தோளில் சாயும்போது அந்த எடை இரு மடங்காகத் தெரியும் என்பது குழந்தை வளர்த்தவர்களுக்குத் தெரியும். படகுத்துறையில் நின்ற நேரம், படகில் கடந்த நேரம், பிறகு காரைத் தேடி நடந்த நேரம் என்று எல்லாமாகச் சேர்ந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருவரும் அவளை மாற்றி மாற்றிச் சுமந்தோம். எங்களைச் சுற்றி அதே வயதுக் குழந்தைகள் தங்கள் சொந்த வண்டிகளில் போர்வைக்குள் சுருண்டு உறங்கிக்கொண்டிருந்தார்கள். படகிலும் மோனோரயிலிலும் வண்டியை மடிக்கத் தேவையில்லாததால் உறக்கம் கலையாமல் அப்படியே போய்ச் சேர முடிகிறது.

அந்த அனுபவத்தால்தான் 2022இல் வெளி நிறுவனத்தை நாடினோம். விடுதிக்கே கொண்டுவந்து கொடுத்து, பயணம் முடியும்போது வந்து எடுத்துச் செல்லும் நிறுவனங்கள் ஆர்லாண்டோவில் பல உள்ளன. முதுகுப்பகுதி சாயக்கூடிய, பெரிய நிழற்குடையும் மழை உறையும் உள்ள நல்ல தரமான வண்டிகளையே பொதுவாகக் கொடுக்கிறார்கள். பூங்காவுக்கு உள்ளும் வெளியிலும், விடுதி அறை வரைக்கும் அது உங்களோடு இருக்கும். ஜூன் மாத ஃபுளோரிடாவில் பிற்பகல் இடிமழை ஏறக்குறைய அன்றாட நிகழ்ச்சி. மூன்று மணிக்கு வானம் கறுத்துக் கொட்டத் தொடங்கியபோது பிள்ளைகள் இருவரும் மழை உறைக்குள் நனையாமல் இருந்து, உறையின்மேல் வழியும் நீரை விரலால் தொடர்ந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு குழந்தைகள் உள்ளவர்கள் ஐந்து நாட்களுக்கு முன்கூட்டியே செலுத்திப் பூங்காவிலேயே இரட்டை வண்டி எடுத்தால் 135 டாலர் ஆகும் என்பதை நினைவில் வைத்து, வெளி நிறுவனங்களின் வாரக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நாங்கள் எடுத்த நிறுவனம் காலை எட்டு மணிக்கு விடுதி முகப்பில் நேரில் ஒப்படைப்பதாகச் சொல்லிவிட்டு ஒன்பதரைக்குத்தான் வந்தது. பூங்காவில் கூட்டம் குறைவாக இருக்கும் காலைப் பொழுதின் மதிப்பு அங்கே போனவர்களுக்குத் தெரியும். அன்றைய முதல் இரண்டு சவாரிகளை இழந்தோம். வண்டியின் தரத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆகவே இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பூங்காவுக்குப் போகும் நாளன்று காலையில் பெறுவதைத் தவிர்த்து, முந்தைய நாள் மாலையே வண்டியைக் கையில் வாங்கிவிட வேண்டும். வண்டியை விடுதி ஊழியர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்களா, நாமே நேரில் இருந்து பெற வேண்டுமா என்பதையும் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது முறை கொண்டுபோன எங்கள் சொந்த வண்டி ஒற்றை இருக்கை கொண்டது, எடை குறைந்தது, முதுகுப்பகுதி முக்கால் பங்கு சாயக்கூடியது. இப்போது என்னிடம் கேட்டால் இந்த வழியையே முதலாவதாகச் சொல்வேன். மகனுக்குப் பழகிய இருக்கை என்பதால் புதிய இடத்திலும் அவன் எளிதாக உறங்கினான். விமான நிலையத்தின் நீண்ட நடைபாதைகளிலேயே வண்டி தன் வேலையைத் தொடங்கிவிட்டது. கீழே உள்ள கூடையில் டயப்பர், தண்ணீர், மாற்றுடை, மாமியார் காலையில் பிசைந்து கட்டிய தயிர் சாதம் எல்லாம் இடம் பிடித்தன. வெளியிலிருந்து பூங்காவுக்குள் உணவு கொண்டுவர அனுமதி உண்டு. ஆனால் உதிரிப் பனிக்கட்டிகளுக்கு அனுமதி இல்லை என்பதால் உறையவைத்துப் பயன்படுத்தும் குளிர்பொதிகளை வைத்துக்கொள்ள வேண்டும்.

சொந்த வண்டி கொண்டுபோவோர் அளவு விதியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2019 மே 1 முதல், 31 அங்குல அகலத்துக்கும் 52 அங்குல நீளத்துக்கும் மேற்பட்ட ஸ்ட்ரோலர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. சென்டிமீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 79, 132. இழுத்துச் செல்லும் வேகன் வகை வண்டிகளுக்கு அறவே அனுமதி இல்லை. ஸ்ட்ரோலர் வேகன் என்ற பெயரில் விற்கப்படுபவையும் இதில் அடங்கும். கடைக்காரர் சொல்வதை நம்பாமல் அளவு நாடாவால் நீங்களே அளந்து பாருங்கள்.

அடுத்தது மடிக்கும் விதம். டிஸ்னி விடுதிகளின் பேருந்துகளில் வண்டியை மடித்த பிறகே ஏற வேண்டும். எப்காட்டையும் ஹாலிவுட் ஸ்டூடியோஸையும் இணைக்கும் ஸ்கைலைனர் கம்பிவடப் பெட்டிகளில், அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ள வண்டியை மடிக்காமலே ஏற்றலாம். உறங்கும் குழந்தையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு மறு கையால் வண்டியை மடிக்க முடிகிறதா என்பதைப் பயணத்துக்கு முன்பே வீட்டில் பல முறை பழகிப் பாருங்கள். இரண்டு கைகளும் ஒரு காலும் தேவைப்படும் வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், இரவில் பேருந்து வரிசையில் அது உங்களுக்குத் துணைசெய்யாது. குடைபோல் மடியும் மிக மலிவான வண்டிகளின் எடை குறைவுதான். ஆனால் அவற்றின் சிறிய சக்கரங்கள் மேஜிக் கிங்டத்தின் முகப்புத் தெருவில் பதிந்துள்ள குதிரை டிராம் தண்டவாளத்தில் சிக்கிக்கொள்கின்றன. தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்காமல் நேர்க்குத்தாகக் கடந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஏற்ற இறக்கங்களும் சொரசொரப்பான தரையும் உள்ள அனிமல் கிங்டத்தில் சற்றுப் பெரிய சக்கரங்களின் அருமை தெரியும்.

விமானப் பயணத்தில் எங்களுக்கு ஒரு சேதம் நேர்ந்தது. பல விமான நிறுவனங்கள் ஸ்ட்ரோலருக்குக் கட்டணம் வாங்குவதில்லை. விமான வாசலில் ஒப்படைத்து, இறங்கும்போது அங்கேயே திரும்பப் பெறலாம். நாங்கள் சென்ற விமானத்திலிருந்து வண்டி வெளியே வந்தபோது முன்சக்கரம் ஒன்றின் அச்சு வளைந்திருந்தது. உருண்டது, ஆனால் இடப்பக்கமாகவே இழுத்தது. நான்கு நாட்களும் வலக்கையால் அதிகம் அழுத்தித் தள்ள வேண்டியிருந்தது. விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே உடைமைப் பிரிவில் எழுத்தில் புகார் பதிவு செய்தது நல்லதாயிற்று. வண்டியை மெத்தென்ற உறைப்பையில் போட்டு ஒப்படையுங்கள். கழற்றக்கூடிய கோப்பைத்தாங்கி போன்றவற்றைக் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த வண்டி வைத்திருப்பவர்கள் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, எளிய இரண்டாவது வண்டி ஒன்றைப் பயணத்துக்கென்று வைத்துக்கொள்வது நல்லது. பூங்காவில் ஒற்றை வண்டிக்கு ஐந்து நாள் வாடகையான 65 டாலருக்குள்ளேயே அப்படியொன்றை வாங்கிவிடலாம்.

சவாரி வரிசைகள் பெரும்பாலானவற்றுக்குள் வண்டியைக் கொண்டுபோக முடியாது. அதற்கென ஒதுக்கிய இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். இடம் போதுவதற்காக ஊழியர்கள் வண்டிகளை அவ்வப்போது நகர்த்தி வரிசைப்படுத்துவார்கள் என்பதால், விட்ட இடத்திலேயே அது இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கறுப்பும் சாம்பலுமாக நூற்றுக்கணக்கான வண்டிகள் நிற்கும். என் மாமியார் தம்முடைய பழைய சுங்குடிச் சேலையிலிருந்து ஒரு முழம் கிழித்துக் கைப்பிடியில் கட்டிவிட்டார். குங்குமச் சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள் தூரத்திலிருந்தே கண்ணில் பட்டன. அந்த நான்கு நாட்களில் வண்டியைத் தேடி நாங்கள் நின்றதே இல்லை. பணம், கடவுச்சீட்டு, மருந்து ஆகியவற்றை ஒருபோதும் வண்டியில் விட்டுப்போகாதீர்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வெயில் படாமல் இருக்கட்டும் என்று கனமான துணியால் வண்டியை முழுவதும் மூடுவதைப் பல பெற்றோர்கள் செய்கிறார்கள். காற்றோட்டம் நின்று உள்ளே வெப்பம் விரைவாக ஏறும். அது குழந்தைக்கு ஆபத்து. நிழற்குடையை நீட்டிவிட்டு, கைப்பிடியில் செருகும் சிறு மின்விசிறி ஒன்றை வைத்தாலே போதும்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையோடு போகிறவர்கள் சொந்த வண்டியைக் கொண்டுபோக வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இரண்டு சிறு குழந்தைகளோடு ஐந்து நாட்களோ அதற்கு மேலோ தங்குகிறவர்களுக்கும், வழியில் விமானம் மாறி நெடுந்தூரம் வருகிறவர்களுக்கும் வெளி நிறுவனத்தின் வண்டி ஏற்றது. பூங்காவின் வாடகை வண்டியை, வீட்டில் ஸ்ட்ரோலரை விட்டு வெகுநாள் ஆகிவிட்ட ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்காகப் பரிந்துரைக்கிறேன். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு எதற்கு வண்டி என்று என் மாமியாரும் கேட்டார். எப்காட்டில் பாதிச் சுற்று முடிவதற்குள் ஏழு வயது மகள் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். மகன் தன் வண்டியை விட்டு இறங்கி அக்காவுக்கு இடம் கொடுத்தான். மறுநாள் மேஜிக் கிங்டம் போனபோது அவளுக்கென்று தனியாக ஒரு நாள் வாடகைக்கு எடுத்தோம். இரவு வாசலில் அதை ஒப்படைத்துவிட்டு, ஓய்வெடுத்த கால்களோடு அவள் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு படகுத்துறை வரை தானே நடந்து வந்தாள்.