சார்ஜருக்கு ஏச்சு, ஐயோனிக்குக்கு விருது

வேகக் கார் ரசிகர்களுக்கு மின்சாரக் கார் என்றாலே ஆகாது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். டாட்ஜ் சார்ஜர் டேடோனாவையும் ஹூண்டாய் ஐயோனிக் 5 என் காரையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் அது பாதிதான் உண்மை என்று தெரியும். இரண்டும் மின்சாரம். இரண்டும் இல்லாத இன்ஜின் சத்தத்தை எழுப்புகின்றன. முதலாவதை ரசிகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். இரண்டாவது, 2024-இல் உலகின் சிறந்த பெர்ஃபார்மன்ஸ் கார் விருதை வாங்கியது.

கனடாவின் பிராம்ப்டனில் உள்ள தொழிற்சாலையில், வி8 (எட்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்) பூட்டிய டாட்ஜ் சார்ஜரும் சேலஞ்சரும் 2023 டிசம்பரோடு நின்றுபோயின. அவற்றின் இடத்துக்கு வந்ததுதான் டேடோனா. காகிதத்தில் குறையே இல்லை. பழைய சேலஞ்சரின் ஸ்கேட் பேக் ரகத்தில் இருந்த 6.4 லிட்டர் 'ஹெமி' வி8 இன்ஜின் கொடுத்தது 485 குதிரைத்திறன். டேடோனா ஸ்கேட் பேக் 670 வரை போகும். மணிக்கு 60 மைல் வேகத்தை 3.3 வினாடியில் தொடும் என்கிறது கம்பெனி.

ஆனால் எடை? பழைய சேலஞ்சர் இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவு. டேடோனா 2,600 கிலோவுக்கு மேல். ஒரு மாருதி 800-ஐ டிக்கியில் போட்டுக்கொண்டு ஓட்டுவது மாதிரி. நேர்ச்சாலையில் மோட்டாரின் டார்க் (சுழற்றும் விசை) இதை மறைத்துவிடும், வளைவில் மறைக்காது. நியாயமாகச் சொன்னால், பழைய சேலஞ்சரும் வளைவுக்குப் பேர்போன வண்டி இல்லை. அதனால் இவ்வளவு கோபத்துக்கும் எடை மட்டும் காரணமாக இருக்க முடியாது.

சரி, சத்தம்? ஹெமியின் உறுமல், இரு பக்கச் சிலிண்டர்களும் சீரற்ற இடைவெளியில் எரிவதால் தானாக வருவது. டேடோனாவில் 'ஃபிராட்சோனிக்' என்ற ஒலிபெருக்கி அமைப்பு அந்த வேலையைச் செய்கிறது. டாட்ஜின் உச்ச வி8 ரகமான ஹெல்கேட்டுக்கு இணையாக 126 டெசிபல் என்று விளம்பரம். ஆனால் அந்த அளவில் எழுப்பினாலும், அதைக் கேட்டு ஓட்டுநருக்குப் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை.

ஐயோனிக் இதே ஏமாற்று வேலையை இன்னும் துணிந்து செய்கிறது. இல்லாத எட்டு கியர்களை உண்டாக்கி, மாற்றும்போது ஒரு உலுக்கல்கூடக் கொடுக்கிறது. இன்ஜின் சுழற்சியின் உச்ச வரம்பான ரெட்லைனில் கியர் மாற்றாவிட்டால் இழுவை தடைபடும். வளைவுக்குள் நுழையும்போது மீட்டரைப் பார்க்காமலே வேகம் பிடிபடுகிறது. வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். 641 குதிரைத்திறன், சுமார் 2.2 டன், அமெரிக்காவில் அறிமுக விலை 66,000 டாலரை ஒட்டி. டேடோனா ஸ்கேட் பேக்கின் அறிமுக விலை 73,000-க்கு மேல். ரேஸ் டிராக்குக்குப் போகிறவர் இரண்டில் எதை எடுப்பது என்று யோசிக்கவே வேண்டாம்.

இருந்தாலும் முக்கியமான வித்தியாசம் அங்கே இல்லை. ஐயோனிக் யாருடைய நாற்காலியையும் பிடுங்கவில்லை. ஃபோர்டு 2019-இல் மஸ்டாங் பெயரை நான்கு கதவு மின்சார எஸ்யுவியான மாக்-இ மேல் ஒட்டியபோதும் ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் வி8 மஸ்டாங் அதே ஷோரூமில் நின்றது, பிடித்ததை வாங்கிக்கொள்ளலாம். கொதிப்பு முணுமுணுப்பாகத் தணிந்தது. டாட்ஜ் அந்த வாய்ப்பைத் தரவில்லை: ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை நீட்டியது.

அப்புறம் 3 லிட்டர் இரட்டை டர்போ ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினோடு சார்ஜர் சிக்ஸ்பேக் வந்தது. 550 குதிரைத்திறன் வரை உண்டு, பேட்டரிப் பேச்சே இல்லை. அதற்கும் 'வி8 எங்கே?' என்றுதான் கேட்டார்கள். அவர்களுக்குப் பழைய ஸ்கேட் பேக்கை செகண்ட் ஹேண்டில் தேடுவதே வழி. டேடோனாவை நான் பரிந்துரைப்பது, வி8-ஐ ஓட்டியே பார்க்காதவருக்கு மட்டும்.

டேடோனாவின் விலை குறைந்த ஆர்/டி ரகத்தை 2026-க்குக் கம்பெனியே கைவிட்டது. டாட்ஜின் சகோதர நிறுவனமான ராம், தன் பிக்கப் வண்டியிலிருந்து நீக்கியிருந்த ஹெமியைத் திரும்பக் கொண்டுவந்து, வண்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னத்தையும் ஒட்டியிருக்கிறது. ஆட்டுக்கடாத் தலையோடு ஒரு ஹெமி இன்ஜின். அதற்கு அவர்களே வைத்த பெயர் 'எதிர்ப்பின் சின்னம்'.