பழைய ஷ்வின்னா, புது பிரீசரா?

1970களில் கலிஃபோர்னியாவின் மரின் மலைச்சரிவுகளில் சைக்கிளில் இறங்கியவர்கள் பலர் ஓட்டியது 1930, 40களின் ஷ்வின் எக்செல்சியர் சைக்கிள். அடிமாட்டு விலை, பருத்த பலூன் டயர், அடி தாங்கும் உடம்பு. எடைதான் 20 கிலோவைத் தாண்டும். பின்மிதி பிரேக்கோ (பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிப்பது) ஒரே இறக்கத்தில் சூடேறி கிரீஸைப் புகையாக்கிவிடும். கிரீஸை மறுபடி அடைக்க வேண்டும், ஆங்கிலத்தில் 'ரீபேக்'. அங்கே நடந்த 'ரீபேக்' இறக்கப் பந்தயத்துக்குப் பெயர் வந்ததே அப்படித்தான்.

1977இல் ஜோ பிரீஸ் கையால் கட்டிய பிரீசர் சைக்கிள் வேறு ரகம்: குரோம்-மாலி எஃகுச் சட்டம் (ஃபிரேம்), சக்கர விளிம்பைப் பிடிக்கும் கேன்டிலீவர் பிரேக், எல்லாம் புதுப் பாகங்கள், எடை சுமார் 17 கிலோ. முதல் தொகுதியில் பத்தே வண்டிகள். விலை 750 டாலர் (அன்றைக்கு அது பெரிய காசு). ஏற்றமும் மிதிக்க வேண்டுமென்றால் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன். சட்டத்தின் இருபுறமும் முன்னிருந்து பின்வரை ஓடும் இரட்டைப் பக்கக் குழாய்கள் மட்டும் வீண் சுமை. பின்னர் சைக்கிள் கட்டிய டாம் ரிட்சி தன் சட்டங்களில் அவற்றை விட்டுவிட்டார்.