கார்ப் கணக்கு ஆப்: கொண்டைக்கடலைய வச்சு செக் பண்ணிட்டு காசு கட்டுங்க

ஆபீஸ்ல ஒரு தம்பி பேலியோ (தானியம், பருப்பெல்லாம் தவிர்க்கற டயட்) ஆரம்பிச்சிருக்கான். நான் யூஸ் பண்ற கார்ப் (மாவுச்சத்து) கணக்கு ஆப்போட வருஷ சந்தா இப்ப பாதி விலையில ஓடுது, "வாங்கலாமாண்ணே?"ன்னு கேட்டான். வாட்ஸப்ல பதில் அடிக்க ஆரம்பிச்சு கட்டுரை மாதிரி நீண்டுடுச்சு, அதனால எல்லாருக்கும் சேர்த்தே எழுதிடறேன். ஆப் பேரு வேணாம்.

பார்கோடு ஸ்கேன், கிராஃப், தண்ணி குடின்னு மணி அடிக்கிறது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதெல்லாம் நல்லாவே வேலை செய்யுது. நம்ம வீட்டு ரெசிபிய ஒரு தடவை போட்டு வச்சுட்டா அடுத்த தடவை ரெண்டு தட்டுல முடிஞ்சுது, எங்கம்மா வைக்கிற கீரை மசியல்லேர்ந்து மட்டன் சுக்கா வரைக்கும் உள்ள ஏத்தி வச்சிருக்கேன். இதுல குறை சொன்னா நாக்கு அழுகிடும்.

ஆனா கொண்டைக்கடலை. இதை விடவே மாட்டேன்.

ஆப்ல கொண்டைக்கடலைன்னு தேடினா வரிசையா நிறைய வரும். காய்ஞ்ச கடலை 100 கிராமுக்கு ஒண்ணுல கார்ப் 63னு இருக்கும், இன்னொண்ணுல 40னு இருக்கும். சரி, ரகம் வேறயா இருக்கும்னு நினைப்போம். ரகமும் கொஞ்சம் வேறதான், ஆனா பெரிய வித்தியாசம் அங்க இல்ல. 63ங்கறது அமெரிக்க விவசாயத் துறை டேட்டா, அவங்க கணக்குல கார்புக்குள்ளயே நார்ச்சத்தும் சேர்ந்திருக்கும். 40ங்கறது நம்ம ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (என்ஐஎன்) 2017ல வெளியிட்ட இந்திய உணவு அட்டவணை, அதுல நார்ச்சத்தை முன்னாடியே கழிச்சுட்டு மிச்சத்தைத்தான் கார்புன்னு போட்டிருக்காங்க. கார்ப் 39.56, நார் தனியா 25.22. ரெண்டுமே சரியான புத்தகம், கணக்கு முறைதான் வேற.

இப்ப நம்ம ஆப்ல "நெட் கார்ப்"னு (ஜீரணமாகாத நாரைக் கழிச்ச கார்ப்) ஒரு சுவிட்ச் இருக்கு, காசு கட்டற பிரீமியம்ல மட்டும். அதைத் தட்டினா எந்தப் புத்தகத்துலேர்ந்து வந்த டேட்டான்னு பாக்காம எல்லாத்துலயும் நாரைக் கழிக்குது. அமெரிக்க எண்ட்ரில கழிச்சா 51 கிட்ட வருது, நியாயம். இந்திய எண்ட்ரில ஏற்கனவே கழிச்சதுலேர்ந்து மறுபடி கழிச்சு 14னு காட்டுது! கொண்டைக்கடலை 100 கிராமுக்கு 14! நவராத்திரிக்கு வீடு வீடா போய் சுண்டல் தின்னுட்டு கீட்டோல (கார்பை ரொம்பக் குறைக்கற டயட்) இருக்கேன்னு சொல்லிக்கலாம் போல. இதுல அந்த எண்ட்ரி பக்கத்துல பச்சை டிக் வேற, சரிபார்க்கப்பட்டதாம். எழுதி அனுப்பினேன், எங்க டேட்டா நம்பகமான இடத்துலேர்ந்து எடுத்ததுன்னு பதில் வந்துச்சு. டேட்டா நம்பகமானதுதான்யா, உன் கழித்தல்தான் தப்புன்னு திரும்ப எழுதினேன், அதுக்கு அஞ்சு ஸ்டார் ரேட்டிங் குடுங்கன்னு ஒரு மெயில்.

அரிசில இது தெரியவே தெரியாது, பச்சரிசில 78 கார்ப், நார் 3 கூட இல்ல, ரெண்டு தடவை கழிச்சாலும் ஒண்ணும் ஆகாது. பருப்பு, பயறு, கடலை, கேழ்வரகு, இதுலதான் மாட்டுவோம். பேலியோல இருக்கறவங்க இதையெல்லாம் எப்படியும் தொட மாட்டாங்க, ஆனா டயட்டுன்னு ஆரம்பிக்கறவங்க சாதத்தை நிறுத்திட்டு முதல்ல போய் நிக்கறதே சுண்டல் கிண்ணத்துலதானே.

எங்க அக்கா பையனுக்கு டைப் ஒன் சுகர். அவனுக்கு சாப்பாட்டுல இருக்கற கார்பை வச்சுத்தான் எத்தனை யூனிட் இன்சுலின்னு முடிவாகுது. நமக்கு நம்பர் தப்பானா எடை குறையலன்னு புலம்பறதோட போயிடும், அவனுக்குக் கம்மியா காட்டினா ஊசியும் கம்மியாகி சுகர் ஏறிடும். அவன் அந்த ஆப் பக்கமே போறதில்ல, டயட்டீஷியன் குடுத்த சார்ட்தான். கோவம் ஏன் குறைய மாட்டேங்குதுன்னா இதனாலதான்.

எந்தக் கணக்குன்னு கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி. பருப்பு, கடலை மாதிரி நார் நிறைய உள்ள காய்ஞ்ச பொருளா இருந்தா கார்ப், நார், புரதம், கொழுப்பு நாலையும் கூட்டுங்க. நூறு கிட்ட வந்தாலோ தாண்டிடுச்சுன்னாலோ நார் ஏற்கனவே கார்புக்குள்ள இருக்கு, கழிக்கலாம். 90 பக்கத்துல நின்னா நாரு வெளில இருக்கு, கழிக்கவே கூடாது (மிச்சம் ஈரப்பதமும் சாம்பலும்). தேங்காய், காய்கறி மாதிரி தண்ணி உள்ளதுல இது உதவாது. தேங்காய்க்கு நேரா ஞாபகம் வச்சுக்கோங்க, 100 கிராம்ல மொத்தம் 15, அதுல 9 நார், நமக்கு 6தான். பாக்கெட்லயும் இதே கூத்து இருக்கு, அமெரிக்கா பாக்கெட்ல நார் உள்ள, லண்டன்லேர்ந்து சித்தப்பா கொண்டு வர்ற பாக்கெட்ல நார் வெளில.

இன்னொண்ணு, எண்ட்ரில இருக்கறது பச்சையா வெந்ததான்னு பாக்கணும். இந்திய அட்டவணைல பெரும்பாலும் சமைக்காத பொருள்தான். அதே கடலை ஊறி வெந்து தண்ணி ஏறினப்புறம் 100 கிராம்ல நாரோட சேர்த்தே 27தான், அதுல நார் 7 சொச்சம். சாதமும் அப்படித்தான், 78லேர்ந்து 28க்கு இறங்கிடும், குழைய வடிச்சா இன்னும் இறங்கும். ஆப்ல "ஒரு கிண்ணம் சுண்டல்"னு எவனோ போட்டு வச்சிருக்கான், எந்த ஊர் கிண்ணம்டா அது?

அதனாலதான் தராசு. சாதாரண கிச்சன் டிஜிட்டல் தராசு, பிராண்டெல்லாம் பாக்காதீங்க, ஒரு கிராம் வரைக்கும் காட்டணும், டேர் பட்டன் இருக்கணும், அவ்ளோதான். இதுல எனக்குப் பிடிச்ச வேலை ஒண்ணு இருக்கு: தயிர் டப்பாவை அப்படியே தராசு மேல வச்சு டேர் அமுக்கி ஜீரோ பண்ணிட்டு, தட்டுல தேவையானதை எடுத்துப் போட்டா எவ்ளோ எடுத்தோம்னு மைனஸ்ல காட்டும். கழுவ வேண்டிய கிண்ணம் ஒண்ணு குறையும். நடுவுல பத்து செகண்ட் யோசிச்சா தானா ஆஃப் ஆயிடும், அப்ப மட்டும் வாயில நல்ல வார்த்தை வராது.

சரி தம்பி, தீர்ப்பு. ஆப்புக்கு ரெண்டு ஸ்டார், தராசுக்கு அஞ்சு. பிரீமியம் வாங்காத, அதுல உருப்படியா இருக்கறதே நெட் கார்ப் சுவிட்ச்தான், அதுவும் தப்பு. ஃப்ரீயை வச்சுக்கிட்டு தராசு வாங்கு, அந்த அட்டவணை பிடிஎஃப்பை போன்ல போட்டுக்கோ.

நான் நேத்தே அடுத்த வருஷத்துக்கும் கட்டிட்டேன், அது வேற விஷயம். ரெசிபி எல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு, வெளில எடுக்கணும்னாலும் பிரீமியம் வேணுமாம். நீ இன்னும் ஒரு ரெசிபியும் ஏத்தலையே, தப்பிச்சுக்கோ.