சிஎஸ்பியா, எஸ்பிஎல்ஏவா: எதில் எங்கே கையைக் கடிக்கும்?

மைக்ரோசாஃப்ட் மென்பொருளைச் சேவையாக விற்க வருபவர்கள் முதலில் கேட்பது மார்ஜின் எவ்வளவு என்றுதான். அதைவிட, நஷ்டம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்ப்பது நல்லது. உங்கள் சர்வரில் விண்டோஸ் சர்வரையோ எஸ்க்யூஎல் சர்வரையோ ஏற்றி மாத வாடகைக்கு விடுவதென்றால் எஸ்பிஎல்ஏ (Services Provider License Agreement என்ற லைசென்ஸ் ஒப்பந்தம்). மைக்ரோசாஃப்ட் 365, மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஸூர் போன்றவற்றை அப்படியே மறுவிற்பனை செய்வதென்றால் சிஎஸ்பி (Cloud Solution Provider என்ற மறுவிற்பனைத் திட்டம்).

எஸ்பிஎல்ஏவில் முன்பணம் இல்லை. மாதம் முடிந்ததும் பயன்பாட்டுக் கணக்கைக் கொடுத்துப் பணம் கட்டலாம். வாடிக்கையாளர் விலகினால் அடுத்த மாதக் கணக்கில் அவர் இல்லை, அவ்வளவுதான். ஆனால் எண்ணுவது உங்கள் வேலை. பிசகு இருந்தால் ஆடிட்டில்தான் தெரியும், அதுவும் பின்தேதியிட்ட பில்லோடு. பலர் சறுக்குவது யூசர்களை எண்ணுவதில். ரிமோட் டெஸ்க்டாப் (தொலைவிலிருந்து சர்வரில் வேலை செய்யும் வசதி) குழுவில் 40 பேர் இருந்து, அந்த மாதம் 12 பேர்தான் லாகின் செய்திருந்தாலும் 40 லைசென்ஸ் வேண்டும். அனுமதி இருந்தாலே கணக்கில் சேர்த்தி. வேலையை விட்டுப் போனவரின் முடக்கப்படாத அக்கவுன்டும் அப்படித்தான். எஸ்க்யூஎல் சர்வருக்கு ப்ராசஸர் கோர் எண்ணிக்கைப்படி லைசென்ஸ் என்றால், ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினுக்கும் (ஒரே சர்வருக்குள் தனித்தனியாக இயங்கும் மெய்நிகர் கணினி) குறைந்தது 4 கோர். 2 கோர் மெஷின் என்று பாதி விலைக்கு கொட்டேஷன் கொடுத்தால் மீதி உங்கள் பையிலிருந்து போகும்.

இன்னொன்று: 2025 அக்டோபர் 1 முதல் அமேசான், கூகுள், அலிபாபா, அஸூர் ஆகியவற்றின் சர்வர்களில் எஸ்பிஎல்ஏ லைசென்ஸ் செல்லாது. அங்கே ஹோஸ்டிங் செய்துகொண்டிருந்தவர்கள் இடத்தையோ லைசென்ஸ் முறையையோ மாற்றியே ஆகவேண்டியிருந்தது.

சிஎஸ்பியில் எண்ணிக்கைத் தலைவலி இல்லை. மாட்டுவது கால ஒப்பந்தத்தில். வாங்கிய 7 நாளுக்குள் ரத்து செய்யலாம், குறைக்கலாம். அதற்குப் பிறகு கூட்டத்தான் முடியும். 50 சீட்டை (ஒரு சீட் என்பது ஒருவருக்கான லைசென்ஸ்) ஓராண்டுக்கு எடுத்த வாடிக்கையாளர் மூன்றாம் மாத முடிவில் 20 பேரை அனுப்பிவிட்டால், அந்த 20 சீட்டுக்கும் மிச்சம் ஒன்பது மாதப் பணம் கட்டவேண்டியது நீங்கள். அவர் கொடுக்காவிட்டாலும் கட்டவேண்டும். மாத ஒப்பந்தத்துக்குச் சுமார் 20% கூடுதல். நிரந்தர ஊழியர்களுக்கு ஆண்டு, தற்காலிக ஆட்களுக்கு மாதம் என்று பிரித்து வாங்குவதே சரி. ஆட்டோ ரினியூவல் தேதியை காலண்டரில் குறித்துவையுங்கள். அன்று தவறினால் 7 நாள் அவகாசம், அப்புறம் இன்னோர் ஆண்டு.

அஸூரில் ஆபத்து வேறு மாதிரி. பட்ஜெட் வரம்பு எச்சரிக்கும், ஆனால் நிறுத்தாது. வாடிக்கையாளரின் அட்மின் பாஸ்வேர்டு திருடுபோய் யாராவது கிரிப்டோ மைனிங் ஓட்டினால் பில் உங்கள் பெயரில்தான் வரும். எல்லா அட்மின் அக்கவுன்டுக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லாமல் விற்காதீர்கள். பார்ட்னரான உங்களுக்கு அஸூர் பில்லில் கிடைக்கும் கிரெடிட்டும் (தள்ளுபடி), அந்தச் சந்தாவில் உங்களுக்குத் தகுதியான நிர்வாக ரோல் இருக்கும்வரைதான். வாடிக்கையாளரின் ஐடி ஆள் 'சுத்தம் செய்கிறேன்' என்று அதை நீக்கிவிட்டால் கிரெடிட் சத்தமில்லாமல் நின்றுபோகும், மாதாமாதம் பாருங்கள்.

சிறிய நிறுவனமென்றால் மைக்ரோசாஃப்டிடமிருந்தே வாங்கி விற்கும் நேரடி சிஎஸ்பி வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகப் போனால் மார்ஜினில் கொஞ்சம் குறையும்; பில்லிங் அமைப்பும் கட்டண சப்போர்ட் திட்டமும் உங்கள் தலையில் விழாது.