சிதம்பரத்துக்கு நாலு மணித்தியாலக் கடல்

நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறேன் என்றுதான் ஒஸ்லோவில் எல்லாருக்கும் சொல்லியிருந்தேன். திருவிழாவும் பார்த்தேன். ஆனால் உண்மையான அலுவல் வேறு. எழுபத்தேழு வயதான அம்மாவைச் சிதம்பரத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

அம்மம்மா கலியாணம் செய்த புதிதில் தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் பிடித்துச் சிதம்பரம் போய் வந்தவர். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன் பிறகு ராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடியது. சண்டை தொடங்க அதுவும் நின்றது. "அடுத்த வருசம் போவம்" என்று சொல்லிச் சொல்லியே அம்மாவின் காலம் போய்விட்டது. காங்கேசன்துறையில் இருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் விடுகிறார்கள் என்று 2023 ஒக்டோபரில் செய்தி வந்த அன்றே அவர் எனக்கு ஃபோன் எடுத்துவிட்டார். அந்தக் கப்பல் சில நாள் ஓடி, மாரி மழையோடு நின்றுபோனது. 2024 ஓகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பல் திரும்ப ஓடத் தொடங்கியது. எனக்கு லீவு கிடைத்தது 2025இல்.

முதலில் பாஸ்போட். அம்மாவுக்கு அதுவரை பாஸ்போட் இல்லை. 2024 மார்கழியில் தம்பி அவரை வவுனியாவுக்குக் கூட்டிப் போய் எடுத்துக் கொடுத்தான். யாழ்ப்பாணத்திலேயே அதற்கு ஒரு அலுவலகம் 2025 செப்டெம்பரில்தான் திறந்தார்கள், நாங்கள் எல்லாம் முடித்த பிறகு. இனிப் போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் இல்லை.

அடுத்தது விசா. எனக்கு ஒஸ்லோவிலேயே எடுத்துவிட்டேன். அம்மாவுக்கு யாழ்ப்பாணத்தில் எடுத்தோம். இந்தியத் துணைத் தூதரகம் யாழ்ப்பாணத்தில் திறந்தது 2010 நவம்பரில். அதற்கு முன்பு இந்தியா போக நினைத்த ஒரு யாழ்ப்பாணத்து மனுசன் கொழும்புக்கு ஓட வேண்டும். இரவு பஸ், லொட்ஜ், வரிசை, ஏதாவது ஒரு கடதாசி குறைந்தால் இன்னொரு இரவு பஸ். சோதனைச்சாவடிகள் இருந்த காலத்தில் அந்தப் பயணம் எப்படி இருந்திருக்கும் என்பதை ஊரவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இப்போது அம்மாவை ஓட்டோவில் ஏற்றிப்போய், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப முடிகிறது.

ஒரு தவறு விட்டோம். படிவத்தை இணையத்தில் நிரப்பி அச்செடுத்துக்கொண்டு போனோம், படம் மட்டும் பாஸ்போட் அளவில் இருந்தது. இந்திய விசாவுக்கு இரண்டு அங்குலச் சதுரப் படம் வேண்டும். யாழ்ப்பாணத்து ஸ்டூடியோக்களில் 'இந்தியன் விசாப் படம்' என்று சொன்னால் உடனே விளங்கும். நாங்கள்தான் சொல்லவில்லை. திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்தபோது, உள்ளே இருந்த தமிழ்நாட்டுப் பெண் அம்மாவுக்குக் கதிரை போட்டுக்கொடுத்து, "எங்க போறீங்க பாட்டி?" என்று கேட்டார்.

"சிதம்பரம், பிள்ளை."

"எங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கிட்டு வாங்க."

வீடு வரும்வரை அம்மா அதையே சொல்லிக்கொண்டு வந்தார். ஓர் அரச அலுவலகத்துக்குள் தன்னிடம் ஒருவர் அப்படிக் கதைத்தது அவருக்குப் புதிது. விசாவுக்கு ஏஜென்சிக்காரர்களும் இருக்கிறார்கள், அவர்கள் கேட்ட காசு எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. படிவம் கவனமாக நிரப்பக்கூடிய ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் போதும்.

ஊரில் நின்ற மூன்று கிழமையும் ஒரு விசயத்தைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். நட்புறவு, ஒத்துழைப்பு என்று பேப்பரில் வரும் சொற்களைப் படித்துவிட்டு மறந்துவிடுவேன். ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தச் சொற்களுக்குக் கூரையும் சில்லும் இருக்கின்றன. அம்மா இருக்கும் வீடே 'இந்தியன் வீடு'தான். 1990 ஆனியில் கீரிமலைப் பக்கத்தில் இருந்து இடம்பெயர்ந்து, முகாமும் வாடகை வீடுமாக இருபது வருசத்துக்கு மேல் அலைந்து, இராணுவம் காணியை விட்ட பிறகு வந்து பார்த்தால் அத்திவாரம்கூட இல்லை. இந்திய வீட்டுத்திட்டத்தில் பெயர் வந்தது. வடக்கு, கிழக்கு, மலையகம் எல்லாம் சேர்த்து 50,000 வீடுகளுக்கான திட்டம் அது. வடக்கு கிழக்கில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, தவணை தவணையாக வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே வரும். கொந்தராத்துக்காரன் கையில் காசு போகாது. மேசனைப் பிடித்ததும், கல் அரியக் கொடுத்ததும், சீமெந்து விலை பேசியதும் அம்மாதான். ஐந்தரை இலட்சம் காணவில்லை, நானும் அனுப்பினேன், அம்மாவும் கொஞ்சம் கடன்பட்டார். ஆனாலும் தானே நின்று கட்டின வீடு என்பதால் அந்த வீட்டின் ஒவ்வொரு கல்லும் அவருக்குத் தெரியும். 2015 மார்ச்சில் இந்தியப் பிரதமர் மோடி யாழ்ப்பாணம் வந்து இளவாலையில் வீடுகளைக் கையளித்தபோது அம்மாவும் போய்த் தூரத்தில் நின்று பார்த்தாராம். இந்தியப் பிரதமர் ஒருவர் யாழ்ப்பாணத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

நாங்கள் கொழும்பில் இருந்து வந்த ரயிலும் அப்படித்தான். 1990இல் நின்றுபோன வடக்குப் பாதையை ஓமந்தையில் இருந்து காங்கேசன்துறை வரை இந்தியக் கடனுதவியில் இந்திய நிறுவனமான இர்கோன் திரும்பப் போட்டது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி யாழ்ப்பாணத்துக்கு வந்த அன்று ஸ்டேசனில் சனம் அழுததை நான் வீடியோவில் பார்த்தேன். இந்த முறை பளை தாண்டும்போது யன்னலோரம் நின்றேன். பனைகள், தலையில்லாத பனைகள், பிறகு புதுப் பனங்கன்றுகள்.

அதைவிடப் பெரிதாக எனக்குப் பட்டது 1990 என்ற நம்பர். வருசம் இல்லை, அம்புலன்ஸ் நம்பர். நான் வந்த முதற்கிழமை, பக்கத்து வீட்டு ஐயாவுக்கு விடியப்புறம் நெஞ்சு நோ. அவருடைய பேத்தி 1990க்கு அடித்தாள். நான் சேட்டைப் போட்டுக்கொண்டு ஓடுவதற்குள் தமிழில் கேள்வி கேட்டு, இடம் விசாரித்து, வண்டி புறப்பட்டுவிட்டது என்றும் சொல்லிவிட்டார்கள். வந்தவர்கள் ஒக்சிசன் வைத்து, பிறஷர் பார்த்து, தெல்லிப்பழை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு சதமும் வாங்கவில்லை. இந்திய நன்கொடையில் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சேவை இது. 2018 யூலையில் யாழ்ப்பாணத்தில் வைத்துத்தான் மற்ற மாகாணங்களுக்கும் விரித்தார்கள். இந்தியா கொடுத்த வண்டிகள் மொத்தம் 297. தமிழ்நாட்டில் 108க்கு அடித்தால் வருகிற அதே ஏற்பாடு. இப்போது நடத்துவது இலங்கை அரசு. ஐயா நாலாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு நாடுகள் கைகொடுத்ததால் என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் நான் இந்த ஐயாவைத்தான் காட்டுவேன்.

இப்படி எழுதிக்கொண்டு போகும்போது, 1987ஐ விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த வருசத் தீபாவளி அன்று யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரிக்குள் இந்திய இராணுவம் புகுந்தபோது நோயாளிகளும் வைத்தியர்களும் தாதிமாரும் கொல்லப்பட்டார்கள். எங்கள் ஊரில் ஒரே வீட்டில் ஒருவர் அந்த நினைவோடும், இன்னொருவர் இந்தியன் வீட்டுத் திறப்போடும் இருக்கிறார்கள். ஒன்றை ஒன்று அழிக்காது. அம்மா தீபாவளிக்கு எண்ணெய் வைப்பார், விளக்கும் வைப்பார், அன்று அதிகம் கதைக்கமாட்டார்.

புல்லுக்குளத்துக் கரையில், நூலகத்துக்குப் பக்கத்தில் நிற்கும் கலாசார மண்டபத்துக்கு ஒரு பின்னேரம் போனோம். இந்திய நன்கொடையில் 2015இல் அடிக்கல் வைத்து, 2023 பெப்ரவரியில் மக்களிடம் கொடுத்த பதினொரு மாடிக் கட்டடம். 2025 தையில் அதற்குத் திருவள்ளுவர் பெயரை வைத்தார்கள். வள்ளுவர் பெயரில் யாருக்கும் கோபம் இல்லை, யாழ்ப்பாணம் என்ற சொல் விடுபட்டதில்தான் சனத்துக்கு மனக்குறை. குரல் எழுந்தது, யாழ்ப்பாணம் திரும்பச் சேர்ந்தது. கேட்கிறவர்கள் கேட்டார்கள், திருத்துகிறவர்கள் திருத்தினார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். அன்று பிள்ளைகளின் வீணை அரங்கேற்றம். அறுநூறு பேர் இருக்கக்கூடிய மண்டபம், குளிரூட்டியோடு. என் மருமகள் ஒஸ்லோவில் வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட மண்டபத்தில் அரங்கேறினாள். ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல மேடை இருக்கிறது என்று பார்க்க வயிறு குளிர்ந்தது.

நாங்கள் பதிந்த நாளில் கடல் சரியில்லை, கப்பல் ஓடவில்லை. இரண்டு நாள் பொறுத்தோம். ஊருக்கு வந்து இந்தக் கப்பலை நம்பிப் பயணம் போடுகிறவர்கள் முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு மூன்று நாளாவது விட்டுவைக்க வேண்டும். நாகப்பட்டினத்தில் இருந்து வேறு விமானம் பிடிக்கும் திட்டம் இருந்தால் இன்னும் கவனம். அவசரமானவர்களுக்குப் பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது.

காங்கேசன்துறையில் மத்தியானத்துக்குப் பிறகு ஏற்றினார்கள். சுமார் 150 பேர் போகக்கூடிய கப்பல். நாங்கள் போனது ஓகஸ்ட் கடைசி என்பதால் பாதிச் சனம் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குப் போகிறவர்கள். குருநகர், பாசையூர், மன்னார் ஆட்கள், நீல நிறச் சேலைகள், கையில் செபமாலை. பின்வரிசையில் ஒரு முஸ்லிம் குடும்பம் நாகூருக்கு. அம்மா மடியில் திருநீற்றுப் பை. ஒரே கரையில் இறங்கி மூன்று பக்கமாகப் பிரிந்து போகிற சனம். அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த குருநகர் அம்மா அவருக்குப் புளி உருண்டை கொடுத்துச் சத்தி வராமல் பார்த்துக்கொண்டார். நாலு மணித்தியாலம். நான் ஒஸ்லோவில் இருந்து பேர்கனுக்கு ரயிலில் போக ஆறரை மணித்தியாலம் வேண்டும்.

கரை தெரிய அம்மா எழும்பி நின்றார். "உதோ? உதுதானோ?" என்று இரண்டு தரம் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

சிதம்பரத்தைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை, அது அம்மாவின் விசயம். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864இல் அங்கே தொடங்கிய பள்ளிக்கூடத்தை மட்டும் வாசலில் நின்று காட்டினேன். "அப்ப எங்கடை ஆக்களும் இஞ்சை வந்து தந்திருக்கினம்" என்றார்.

நாகப்பட்டினத்தில் இருந்து எங்களைக் கொண்டுபோன கார்க்காரத் தம்பி, நாங்கள் யாழ்ப்பாணம் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. தரங்கம்பாடி தாண்டிய பிறகுதான் சொன்னார். அவருடைய மச்சான் போன விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது. ஆள் இரண்டு மாதம் கழித்து வந்துவிட்டார், படகு வரவில்லை. "போட்டு மயிலிட்டியில கட்டிக் கிடக்காம் சார். மேல தண்ணி ஏறுதா, கீழ பலகை விட்டுப்போச்சான்னு ஒண்ணும் தெரியல." என்னிடம் அந்தப் படகின் நம்பரை எழுதித் தந்தார். ஏன் வாங்கினேன் என்று தெரியாமல் வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

மயிலிட்டி எங்கள் வீட்டில் இருந்து சைக்கிளில் போகிற தூரம். துறைமுகத்தை 2017இல்தான் சனத்துக்குத் திரும்ப விட்டார்கள். அங்கே பிடிபட்ட இந்தியப் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். எங்களுக்கு மீன் கொண்டுவரும் அண்ணை மயிலிட்டிக்காரர். அவருடைய வலையை இந்திய இழுவைப் படகுகள் ஒருமுறை இல்லை, பலமுறை அறுத்துப் போயிருக்கின்றன. 2017இல் இலங்கை, கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் எல்லை தாண்டி வருவது நிற்கவில்லை. வீடும் ரயிலும் அம்புலன்சும் தந்த நட்பு இந்த இடத்தில் வந்து முட்டி நிற்கிறது. துணைத் தூதரகத்துக்கு முன்னால் எங்கள் மீனவர்கள் மறியல் செய்திருக்கிறார்கள். அக்கரையில் பிடிபட்டவர்களின் மனைவிமார் ரோட்டில் இருக்கிறார்கள். இரண்டு அரசுகளும் 2016இலேயே கூட்டுக் குழு அமைத்தன. அந்தக் குழு கூடி முடிவெடுக்கும்வரை இரண்டு கரையிலும் அடுப்பு எரிய வேண்டுமே.

திரும்பி வந்த அடுத்த நாள் அண்ணை மீனோடு வந்தார். அம்மா சிதம்பரத்துத் திருநீறு கொடுத்தார். அவர் வேதக்காரர், கிறிஸ்தவர், ஆனாலும் இரண்டு கையாலும் வாங்கினார். நான் தயங்கித் தயங்கி அந்தக் கடதாசியைக் காட்டினேன். உரிமையோடு இரண்டு சொல் ஏசுவார் என்று நினைத்தேன்.

நம்பரை எட்டப் பிடித்து வாசித்தார். "உது மேற்காலை கட்டிக் கிடக்கிறதிலை ஒண்டாயிருக்க வேணும். பின்னேரம் போய்ப் பாக்கிறன்" என்றார். சைக்கிளில் ஏறியவர் திரும்பி, "தம்பி, அந்தப் பெடியன்ரை ஃபோன் நம்பரும் வைச்சிருக்கிறியோ?" என்று கேட்டார்.