ஒற்றைப் புள்ளடியும் விகிதாசாரமும்: 2024 காட்டிய கணக்கு

2024இல் நான்கு மாத இடைவெளியில் பிரிட்டனிலும் இலங்கையிலும் பாராளுமன்றத் தேர்தல் நடந்தது. முன்பு யாழ்ப்பாணத்திலும் இப்போது லண்டனிலுமாக இரண்டு முறைகளிலும் வாக்களித்தவன் நான். எது மேல் என்று கேட்டால், கட்சி பெற்ற வாக்கின் பங்குக்கேற்ப ஆசனம் கொடுக்கும் இலங்கையின் விகிதாசாரத்தின் பக்கமே நிற்பேன்.

எளிமையில் பிரிட்டன் முறைக்கு ஈடில்லை. ஒரு தொகுதி, ஒரு புள்ளடி, கூடிய வாக்கு எடுத்தவர் வெற்றி. குறை சொல்ல யாரிடம் போவது என்பதும் தெரியும். அதில் வாதமில்லை.

தோற்றவரின் வாக்கு என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். 2019இல் 32.1 வீத வாக்குக்கு 202 ஆசனம் பெற்ற தொழிற்கட்சி, 2024இல் 33.7 வீதத்துக்கு 411 ஆசனம் பெற்றது. வாக்கு கூடியது ஒன்றரை வீதம், ஆசனமோ இரட்டிப்பு. ரிஃபோம் கட்சியின் 14.3 வீதத்துக்கு 5 ஆசனம், அதைவிடக் குறைவாக வாங்கிய லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு 72. வாக்கு எங்கே குவிந்திருக்கிறது என்பதே எல்லாவற்றையும் முடிவுசெய்கிறது. நானும் பிடித்த கட்சியை விட்டுவிட்டு, வெல்லக்கூடியவருக்கே புள்ளடி போட்டேன்.

இலங்கையும் ஒருகாலத்தில் இப்படித்தான் இருந்தது. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி பாதிக்குச் சற்று மேலான வாக்கோடு 168இல் 140 ஆசனங்களை அள்ளியது. ஏறத்தாழ 30 வீதம் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு எட்டே ஆசனம். அதில் கால்பங்கு வாக்குக்கூட இல்லாத தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனம் பெற, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். நமக்குப் பெருமைதான், ஆனாலும் கணக்கு கோணல். 1978 அரசியல் யாப்பு விகிதாசாரத்தைக் கொண்டுவந்து அதை மாற்றியது.

அதன் பலனை 2020இல் பாருங்கள். தேசிய மக்கள் சக்திக்கு 3.84 வீத வாக்கு, 3 ஆசனம். பிரிட்டன் முறையில் அந்த மூன்றும் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். அந்த மூவரில் ஒருவரான அநுர குமார திசாநாயக்க 2024இல் ஜனாதிபதி. கட்சிக்கு 159 ஆசனம். 145 ஆசனத்தோடு இருந்த பொதுஜன பெரமுன 3க்கு இறங்கியது, ஆனால் துடைத்தெறியப்படவில்லை. 17.66 வீதம் பெற்ற ஐக்கிய மக்கள் சக்திக்கு 225இல் 40 கிடைத்தது. ஏறக்குறைய அச்சொட்டான பங்கு.

விகிதாசாரத்திலும் ஓட்டை உண்டு. கட்சிக்குள் தனித்தனி வேட்பாளருக்குப் போடும் விருப்பு வாக்குக்காக ஒரே கட்சிக்காரர்கள் ஒருவர் காலை ஒருவர் வாருவார்கள். தெற்கின் பெரிய மாவட்டங்களில் அது எப்படி இருக்கும் என்பது எனக்கு அனுபவமில்லை. நான் கண்டது யாழ்ப்பாணம் மட்டும். அங்கே 2024இல் தமிழ்க் கட்சிகள் சிதறி நிற்க, கால்வாசி வாக்கோடு தேசிய மக்கள் சக்தி ஆறில் 3 ஆசனம் எடுத்தது. 2020இல் மூன்று வைத்திருந்த தமிழரசுக் கட்சிக்கு ஒன்றுதான். முதலிடக் கட்சிக்கு மாவட்டந்தோறும் கொடுக்கும் போனஸ் ஆசனமும் இதற்கு ஒரு காரணம். அது இல்லாதிருந்தால், நான் போட்டுப் பார்த்த கணக்கில் இரு கட்சிக்கும் இரண்டிரண்டு வந்திருக்கும். எடுக்கவேண்டியது அந்தப் போனஸைத்தான், விகிதாசாரத்தை அல்ல.